மீற்றர் சொன்னதும் அப்பா கேட்டதும்

நாலரை வருசம் கட்டாரில் வேலை செய்துவிட்டு 2025 பங்குனியில் அண்ணா வீட்டுக்கு வந்தபோது அவரிடம் இரண்டு விசயம் இருந்தது. ஒன்று, வங்கியில் கொஞ்சம் காசு. மற்றது, போனில் சேமித்து வைத்திருந்த ஒரே காரின் நூற்றுக்கணக்கான படங்கள். சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 2005 முதல் 2010 வரை வந்த அந்தப் பழைய உருவம்தான், 1600 சிசி, ஐந்து கியர், பின்னால் இரண்டு பக்கமும் சைலன்சர் வாய்.

அம்மாவுக்குப் படத்தைக் காட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்மட குஞ்சியம்மா வீட்டு ஸ்விஃப்ட் மாதிரித்தானே இருக்கு. இதுக்கேன் கூடக் காசு?" என்றார்.

அம்மா கேட்டது நியாயம். பார்க்க ஒரு வீட்டுக் கார், உள்ளே ஒரு ஓட்டக் கார். வெளிநாட்டில் இதற்கு 'ஹொட் ஹச்' என்று பெயர். 1976 இல் வோக்ஸ்வாகன் கொல்ஃப் ஜிரிஐ விற்பனைக்கு வந்தபோது ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்றுதான் கொம்பனி நினைத்ததாம். கடைசியில் அந்த முதல் உருவமே நாலரை இலட்சத்துக்கு மேல் விற்றது. மார்க்கெட்டுக்கும் போகலாம், மனசுக்குப் பிடித்த மாதிரி மிதிக்கவும் செய்யலாம் என்ற எண்ணத்துக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. கிளிநொச்சியிலும் ஒருவர் இருக்கிறார், அவர் எங்கட வீட்டில் இருக்கிறார். அதுதான் அம்மாவின் பிரச்சினை.

அம்மாவின் கணக்கு வேறு. ஒரு வான் எடுத்தால் ஹயர் ஓடலாம். ஹயர் ஓடினால் திரும்பக் கட்டார் போகத் தேவையில்லை. ஸ்போர்ட் காரில் ஆரை ஏற்றி ஹயர் ஓடுகிறது? இதை அம்மா வாய்விட்டுச் சொன்னது ஒரு தரம்தான். ஆனால் அந்த இரண்டு மாதமும் வீட்டில் நடந்த ஒவ்வொரு கார்க் கதைக்குப் பின்னாலும் அது நின்றுகொண்டிருந்தது.

எங்கட நாட்டில் பழைய கார் வாங்குவது ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்று வெளியில் இருக்கிறவர்களுக்கு விளங்காது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 மாசியில்தான். இடையில் ஐந்து வருசம், உள்ளுக்குள் இருந்த வாகனங்களே கை மாறிக் கை மாறி ஓடின. வாங்கின விலையைவிடக் கூட விலைக்கு ஓடித் தேய்ந்த காரை விற்றவர்களை எனக்கே தெரியும். 2022 ஆனியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது, பிறகு கியூஆர் வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். அப்போதும் விலை இறங்கவில்லை. இறக்குமதி திறந்த பிறகாவது குறையும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம், புதுசுக்கு வந்த வரியைப் பார்த்த பிறகு பழசை வைத்திருந்தவர்கள் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அண்ணா தேடின காருக்கு ஆரும் ஐம்பது இலட்சத்துக்குக் கீழே வாய் திறக்கவில்லை. பதினேழு வருசப் பழைய காருக்கு!

முதல் கார் கொழும்புப் பக்கம் ஒரு கார் சேலில் இருந்தது. 2008 தயாரிப்பு, முத்து வெள்ளை, மீற்றரில் 78,400 கிலோமீற்றர். விளம்பரத்தில் அந்த எண்ணைத்தான் எல்லாவற்றிலும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அண்ணாவும், அவரோடு படித்த ஒரு மெக்கானிக் அண்ணாவும், லீவில் நின்ற நானும் போக வெளிக்கிட்டோம். கடைசி நேரத்தில் அப்பாவும் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை. "சும்மா ஒரு பயணம்" என்றார்.

கார் வடிவு. அதில் ஒரு சந்தேகமும் இல்லை. எஞ்சின் கழுவிப் பளபளவென்று இருந்தது, ரயர் நாலும் புதுசு. அண்ணா உள்ளே ஏறி ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி சிரித்த சிரிப்பை நான் அதற்கு முதல் கண்டதில்லை. நான் வெளியில் நின்று மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். 78,400 ஐப் பதினேழு வருசத்தால் பிரித்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர். நாங்கள் வீட்டிலிருந்து ரவுணுக்குப் போய்வரவே அது முடிந்துவிடும். இருக்கலாம், ஒரு வயசான டொக்டர் அம்மா கிளினிக்குக்கு மட்டும் ஓடியிருக்கலாம். சேல்காரரும் அப்படித்தான் சொன்னார். இந்த நாட்டில் விற்கப்படுகிற கார் எல்லாவற்றையும் ஒரு டொக்டர் அம்மாதான் ஓடியிருக்கிறார்.

அப்பா எஞ்சினைப் பார்க்கவில்லை. சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, குந்தியிருந்து, கீழே பெடல்களைப் பார்த்தார். கிளச் பெடலின் றப்பர் ஒரு மூலையில் தேய்ந்து இரும்பு தெரிந்தது. பிறகு சீற்றின் வலப்பக்கத் திண்டைக் கையால் அமத்தினார், ஏறி இறங்கி ஏறி இறங்கி அது செத்துப்போயிருந்தது. ஸ்ரேறிங்குக்குப் புதுத் தோல் போட்டிருந்தார்கள். கியர்த் தடியின் தலையில் இலக்கங்கள் அழிந்திருந்தன. ஒன்றும் பேசாமல் எழும்பி, மெக்கானிக் அண்ணாவிடம், "தம்பி, எயார் ஃபில்ரரை ஒருக்காக் கழற்றும்" என்றார்.

கழற்றினார். ஃபில்ரரின் ஓரத்தில் கறுப்பு மாக்கரால் ஆரோ ஒரு கராஜ்காரன் எழுதி வைத்திருந்தான்: 136 200.

சேல்காரருக்கும் ஒரு நிமிசம் பேச்சில்லை. பிறகு, "அது வேற காரின்ர ஃபில்ரராக்கும்" என்றார்.

சண்டை பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்லுகிறோம் என்று வந்துவிட்டோம். பஸ்ஸில் புத்தளம் தாண்டும்வரை அண்ணா கதைக்கவில்லை. பிறகு, "136 எண்டாலும் பரவாயில்லைத்தானே அப்பா, எஞ்சின் நல்லாத்தானே நிண்டது" என்றார்.

அப்பா சொன்னார்: "136 எண்டு சொல்லி வித்திருந்தா நானும் ஓமெண்டிருப்பன் தம்பி."

இது எங்கட ஊரில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. அமெரிக்காவில் 1972 லேயே மீற்றரைத் திருத்துவதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள். அப்படியிருந்தும் வருசத்துக்கு நாலரை இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் பொய் மீற்றரோடு அங்கே விற்கப்படுவதாக அவர்களுடைய வீதிப் பாதுகாப்பு நிர்வாகமே மதிப்பிட்டிருக்கிறது. ரோல்ட் டால் எழுதிய 'மற்றில்டா' கதையில் அந்தப் பிள்ளையின் அப்பன் ட்ரில் மெசினைப் பூட்டி மீற்றரைப் பின்னுக்குச் சுத்துவான். அது கேபிள் காலம். இப்போது ஒரு லப்டொப்பும் ஒரு வயரும் போதும், மீற்றருக்குள் இருக்கிற சின்னச் சிப்பில் எண்ணை மாற்றி எழுதிவிடலாம். கிளச் பெடல் றப்பரை மாற்றத்தான் பஞ்சி.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் பொருளியல் படிக்கிறேன். (யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பொறியியல் படிக்க எங்கட அறிவியல்நகருக்கு வருவார்கள், நான் பொருளியல் படிக்கத் திருநெல்வேலிக்குப் போகிறேன். காலையில் இரண்டு பக்கமும் பஸ் நிறைந்துதான் போகும்.) ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970 இல் எழுதிய கட்டுரை ஒன்று எங்களுக்குப் பாடத்தில் இருக்கிறது. அதன் விசயமே பழைய கார்ச் சந்தைதான். விற்கிறவனுக்குக் காரின் உண்மை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாதவன் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவில் ஒரு விலையைத்தான் சொல்லுவான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருக்கிறவன் ஏன் விற்கப் போகிறான்? அவன் விலகிவிடுவான். மிஞ்சுவது கெட்டது. மூன்று சஞ்சிகைகள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பினவையாம், பிறகு 2001 இல் அதே ஆளுக்கு நோபல் பரிசு. சோதனைக்கு இதைப் பாடமாக்கி எழுதி நல்ல புள்ளியும் எடுத்தேன். எயார் ஃபில்ரரைக் கண்ட பிறகுதான் அது காரைப் பற்றியது என்றே எனக்கு உறைத்தது.

அமெரிக்கர்கள் ஏமாற்றுக் காரை 'லெமன்' என்பார்கள். எங்களுக்குத் தேசிக்காய் என்றால் புதுக் கார் வாங்கினதும் நாலு ரயருக்குக் கீழேயும் வைத்து ஏற்றி நசிக்கிற சாமான். இதை அண்ணாவுக்குச் சொன்னபோது, "அப்ப நாங்கள் காருக்குக் கீழ வைக்கிறதை அவங்கள் காருக்குள்ளயே வச்சு விக்கிறாங்கள்" என்றார். கொஞ்சம் தேறிவிட்டார் என்று விளங்கியது.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு, அடுத்த வருசம் அப்பா ஒரு பழைய வான் வாங்கினார். ஹயர் ஓடினார். அதற்கு முதல் தடைக் காலத்தில் பெற்றோலைப் போத்தலில் எடுத்து, கொஞ்சம் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின வாகனங்களில்தான் அவர் ஓட்டப் பழகினது. மொறிஸ் மைனர், ஏ40, எல்லாம் அவருடைய அப்பா காலத்துச் சாமான்கள். "எங்கட காலத்தில மீற்றர் வேலை செய்த வாகனத்தை நான் காணேல்லை. கேபிள் அறுந்தா ஆரும் மாத்திறேல்லை. காதாலயும் மூக்காலயும்தான் பாக்கிறது" என்பார். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிக்காமல் வந்தால் தண்ணி உள்ளே போகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் கூடிப்போச்சு.

அந்த வானின் மீற்றரும் ஏதோ ஒரு எண்ணில் நின்றுபோய்த்தான் இருந்தது. 2009 தை மாசம் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட பிறகு பரந்தன் - முல்லைத்தீவு றோட்டில் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று அந்த வான் எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போனது. எனக்கு அப்போது ஐந்து வயசு, எனக்கு ஞாபகம் இருப்பது சீற்றின் மணம் மட்டும். அண்ணாவுக்குப் பன்னிரண்டு. அவருக்கு எல்லாம் ஞாபகம். டீசல் முடிந்த இடத்தில் அப்பா திறப்பைக் கழற்றிச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு நடந்தாராம், திரும்பி வந்து எடுக்கலாம் என்று. மீள்குடியேறின பிறகு ஒரு தரம் தேடிப் போய்ப் பார்த்தார். முள்ளிவாய்க்கால் பக்கம் குவித்துக் கிடந்த வாகனங்களைக் கண்டவர்களுக்குத் தெரியும், அதில் எது ஆருடையது என்று கண்டுபிடிப்பது எப்படியென்று. பிறகு அவை பழைய இரும்பாகப் போயின. அதற்குப் பிறகு அப்பா மோட்டார் சைக்கிளைத் தவிர வேறொன்றையும் ஓட்டவில்லை.

இரண்டாவது கார் வவுனியாவில் கிடைத்தது. விளம்பரத்தில் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒருவர். எங்கட பக்கத்தில் முதல் கேள்வி "எத்தினை ஓடியிருக்கு" இல்லை, "ஆற்ற வாகனம்" என்பதுதான். அக்கர்லொஃபின் சிக்கலுக்கு வன்னி கண்டுபிடித்த பதில் அது என்று நினைக்கிறேன், அதற்கும் ஓட்டைகள் இருந்தாலும்.

மீற்றரில் 1,92,600. அண்ணாவின் முகம் இறங்கிவிட்டது. அம்மாவிடம் போனில் சொன்னபோது சமாளிக்கப் பார்த்தார்: "சந்திரனுக்குப் போறதில பாதி வழிதான் அம்மா." அம்மா உடனே, "மிச்சப் பாதிக்கு ஆர் காசு குடுக்கிறது?" என்றார்.

அப்பா முதல் நாளே உரிமையாளருக்குப் போன் பண்ணி, "ஐயா, நாங்கள் வரும்வரைக்கும் ஸ்ராட் பண்ணாதேங்கோ" என்று சொல்லியிருந்தார். போய் இறங்கினதும் பொனற்றில் கை வைத்துப் பார்த்தார். குளிர். சூடான எஞ்சின் நிறையப் பொய் சொல்லும், குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போதுதான் அதன் உண்மையான குரல் கேட்கும் என்பது அவருடைய கொள்கை. முதல் இரண்டு செக்கன் செயின் சத்தம் கிணுகிணுத்தது, பிறகு அடங்கியது. (இந்த எஞ்சினுக்கு பெல்ற் இல்லை, செயின்தான். ஒரு இலட்சத்தில் மாற்றிற செலவு இல்லை, ஆனால் எண்ணெய் ஒழுங்காக மாற்றாவிட்டால் செயின் இழுபடும்.) புகை இல்லை.

அந்த ஐயா உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்து வந்தார். பள்ளிக்கூடக் கொப்பி, நூறு பக்கம், மட்டைக்குப் பழைய கலண்டர்த் தாள் உறை. வாங்கின நாளில் இருந்து எல்லாம் இருந்தது. ஐயாயிரத்துக்கு ஒருக்கா எண்ணெய், பிளக், பிரேக் பாட், பற்றரி, எந்தக் கராஜ், எவ்வளவு காசு. ஒரு இடத்தில், "2022 ஆடி. பெற்றோல் இல்லை. பற்றரி கழற்றி வைத்தது." இன்னொரு இடத்தில், "ஓமந்தை. இரவு. மாடு. வலது பின் கதவு." அதை நாங்கள் கேட்க முதலே அவர் காட்டினார், கதவு ரின்கரிங் செய்து பெயின்ற் அடித்தது, கிட்டப் போய்ப் பார்த்தால் நிறம் கொஞ்சம் வேறு. கிளச் முடியப் போகிறது, முன் சொக் இரண்டும் எண்ணெய் கசிகிறது, ஏசி மத்தியானத்தில் சரிவராது, 95 பெற்றோல்தான் அடிக்கிறது என்றும் அவரே சொன்னார்.

அப்பா கண்ணாடியைப் போட்டு அந்தக் கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து வாசித்தார். காரைப் பார்த்ததைவிடக் கூட நேரம். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டோம், அவர் 2017 இல் நின்றார்.

நானும் என் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டேன். ஐயா கிழமைக்கு ஒருக்கா யாழ்ப்பாணம், இல்லாவிட்டால் கொழும்பு என்று நெடும்பாதை ஓடினவர். சராசரி மணிக்கு 60 என்று வைத்தால் 1,90,000 கிலோமீற்றருக்கு எஞ்சின் ஓடியது கிட்டத்தட்ட 3,170 மணித்தியாலம். கொழும்பு ட்ரஃபிக்கில் நின்று நின்று மணிக்கு 20 வீதம் ஓடின காருக்கு 78,000 என்றாலே 3,900 மணித்தியாலம். கிளச்சும் பிரேக்கும் மிதிபட்டது அதைவிட எத்தனையோ மடங்கு. குறைந்த எண் உள்ள கார் கூட வேலை செய்திருக்கலாம். அண்ணா, "ஆட்ஸ் பக்கல்ரிக்காரி எஞ்சினியருக்குப் படிப்பிக்கிறாள்" என்றார். ஆனால் கணக்கைத் தன் போனில் திரும்பப் போட்டுப் பார்த்ததை நான் கண்டேன்.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். "மீற்றரைப் பாராதே, கொண்டிசனைப் பார்" என்று எல்லாரும் ஞானி மாதிரிச் சொல்லுவார்கள். கொண்டிசனையும் ஒரு நாளில் உண்டாக்கலாம். பொலிஷ், எஞ்சின் கழுவல், சீற் கவர், தடிச்ச எண்ணெய் விட்டுச் சத்தத்தை அடக்குவது. முதல் காரில் அதெல்லாம் நடந்திருந்தது. கிலோமீற்றர் கூடினால் தேயாமல் போகிற காரும் இல்லை. பெயாரிங், புஷ், ஓல்ரனேற்றர், எல்லாம் ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கும். திரும்ப விற்கும்போது வாங்க வருகிறவன் கொப்பியை வாசிக்க மாட்டான், அந்த ஆறு இலக்கத்தைத்தான் வாசிப்பான். இந்த இழப்பு உண்மையானது, விலை பேசும்போது அதைக் கழித்துத்தான் பேச வேண்டும். மெக்கானிக் அண்ணா அதைத்தான் செய்தார். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிளக்கைக் கழற்றி, கேஜைப் பூட்டிக் கொம்பிறஷன் பார்த்தார். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் நாங்கள் தேத்தண்ணியோடு திரும்பியிருப்போம். பிறகு கிளச், சொக், ஏசி மூன்றுக்கும் ஒரு தாளில் விலை எழுதி ஐயாவிடம் நீட்டினார். ஐயா அதில் ஏசியை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கழித்துத் தந்தார். புத்தகத்தில் பினான்ஸ் கொம்பனியின் பெயர் ஒன்றும் இல்லை, முன் உரிமையாளர் இவர் ஒருவர்தான். இதைப் பார்க்காமல் முற்பணம் கொடுத்து மாட்டுப்பட்டவர்கள் எங்கட ஒழுங்கையிலேயே இரண்டு பேர்.

ஓமந்தை வரை ஓடிப் பார்த்தோம். அப்பா பின் சீற்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரையாக்கும் என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியில், "மூண்டில இருந்து நாலுக்குப் போகேக்க ஒரு சின்னச் சத்தம். கவனம். மற்றும்படி எடுக்கலாம்" என்றார்.

எடுத்தோம். முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, நாலு தேசிக்காயும் வைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கிளச் அடுத்த மாதமே போனது. சொக் இரண்டும் மாற்றினபோது புஷ்சும் சேர்ந்து மாற்ற வேண்டியதாகிவிட்டது, மெக்கானிக் அண்ணாவின் தாளில் அது இல்லை. எனக்கு வாங்கித் தருகிறேன் என்ற லப்டொப் அதில் போய்விட்டது. கோபம்தான், இப்பவும். எங்கட ஒழுங்கை கிரவல் றோட்டு, மழைக்குக் குழி, ஸ்போர்ட் காரின் வயிறு நிலத்தோடு. அம்மா வாசலில் நின்று அது உரசிக்கொண்டு வருகிற சத்தத்தைக் கேட்டு ஒவ்வொரு நாளும் ஒரு வசனம் சொல்லுவார். ஆனால் கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போக முன் சீற்றில் ஏறினால், ஆனையிறவு வெட்டையில் அண்ணா நாலாம் கியரில் மிதிக்கும்போது, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கிறதை நான் பின்னால் இருந்து கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அண்ணா திரும்பக் கட்டார் போகிறார். விசா வந்துவிட்டது. வான் எடுத்திருந்தால் என்று அம்மா இன்னும் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் கேட்கிறது. நானும் இரவில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன், அதற்கு எனக்கு விடை வரவில்லை.

காரைச் சும்மா நிற்பாட்டினால் பற்றரி செத்துவிடும், கிழமைக்கு ஒருக்காவாவது ஓட வேண்டும். எனக்கு லைசன்ஸ் இல்லை. போன ஞாயிறு அண்ணா திறப்பை மேசையில் அப்பாவுக்கு முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போனார். அப்பா கன நேரம் பேப்பர் பார்த்தார். பிறகு கார் வெளிக்கிடுகிற சத்தம் கேட்டது, முதல் கியரில் கொஞ்சம் கூடவே இழுத்து.

பின்னேரம் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அந்த ஐயாவின் கையெழுத்து முடிந்து, அண்ணாவின் கையெழுத்து இரண்டு பக்கம், அதற்குக் கீழே புது எழுத்து: "1,97,310. முறிகண்டி போய் வந்தது. எண்ணெய் சரி. மூண்டில் சத்தம் இருக்கு."